டெடிகேட்டட் வெப் சர்வருக்கு எந்த லினக்ஸ்? டெபியன், உபுன்டு, ரெட் ஹேட் குடும்பம்: ஓர் ஒப்பீடு

டெடிகேட்டட் சர்வர் (முழு மெஷினும் உங்களுக்கே வாடகைக்கு) ஆர்டர் போடும்போது எல்லாம் சுலபமாகத்தான் போய்க்கொண்டிருக்கும். பிராசசர், ரேம், டிஸ்க் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வருவீர்கள். கடைசியில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு பட்டியல் திறக்கும். டெபியன் 12, டெபியன் 13, உபுன்டு 22.04, 24.04, ஆல்மாலினக்ஸ், ராக்கி, ஃபெடோரா என்று நீளும், கை அங்கேயே நின்றுவிடும். தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், அது போதாதென்று அடுத்தவர் சொன்னதைத் திட்டவும் செய்வார்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடலாம். வேகத்துக்காக டிஸ்ட்ரோ (லினக்ஸின் ஒரு தொகுப்பு வகை) தேடாதீர்கள். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி எல்லாம் எதில் போட்டாலும் அதே மென்பொருள்தான், லினக்ஸின் மையக்கருவான அதே கெர்னலின் ஏதோ ஒரு பதிப்பின் மேல்தான் ஓடப்போகிறது. தளம் மெதுவாக இருந்தால் காரணம் இண்டெக்ஸ் இல்லாத ஒரு டேட்டாபேஸ் குவெரியாகவோ கேஷ் வைக்காததாகவோ இருக்கும், டெபியனுக்குப் பதில் ராக்கி போட்டதால் அது சரியாகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான்கைந்து வருடம் கழித்து இந்த மெஷினை அடுத்த பதிப்புக்கு யார் கொண்டுபோவார்கள், எப்படி? விபிஎஸ் (ஒரு மெஷினைப் பங்குபோட்ட மெய்நிகர் சர்வர்) என்றால் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் முழு நகல்) எடுத்துவிட்டு தைரியமாகச் செய்துபார்க்கலாம். டெடிகேட்டட் மெஷினில் பொதுவாக அந்த வசதி கிடையாது. அப்கிரேட் பாதியில் நின்றால் ரெஸ்க்யூ மோடில் ஏறி நீங்களேதான் மீட்டெடுக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஆதரவுக் காலம். பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை வரும், அது முடிந்தபின் வழி என்ன. இரண்டாவது பாதியை யாரும் கேட்பதில்லை. பத்து வருடம் அப்டேட் வரும் டிஸ்ட்ரோவில் பத்தாம் வருடம் பெரிய இடப்பெயர்ச்சி காத்திருக்கும். ஐந்து வருடம் வரும் டிஸ்ட்ரோவில் இருந்த இடத்திலேயே அப்கிரேட் செய்ய முடிந்தால் அது சில வேளை நல்ல பேரம்.

பேக்கேஜின் வயது. சர்வர் டிஸ்ட்ரோக்கள் ஒரு பதிப்பை உறையவைத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கி எடுத்துவந்து அதில் ஒட்டும். அதனால் பதிப்பு எண் பழசாகத் தெரியும், ஓட்டைகள் அடைபட்டிருக்கும். பாதுகாப்பு ஸ்கேனர் வைத்திருக்கும் வாடிக்கையாளர் "உங்கள் அப்பாச்சி பழசு" என்று அறிக்கை அனுப்புவார், அவருக்கு விளக்கம் எழுதுவதே ஒரு வேலையாகிவிடும். ஆனால் பழசாக இருப்பதில் லாபமும் உண்டு. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் யாரோ திட்டமிட்டு நுழைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியபோது கிடைத்தது அது. அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வெளிவராத பதிப்பு, ஓபன்சூசே டம்பிள்வீட் போன்ற புதுசு விரும்பிகளிடம்தான் போய்ச் சேர்ந்திருந்தன. டெபியன் ஸ்டேபிள், உபுன்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), ரெட் ஹேட் எதிலும் இல்லை.

ஹார்ட்வேர். டெடிகேட்டடில் மட்டும் வரும் கவலை இது. மலிவாகக் கிடைக்கும் மெஷின்கள் பெரும்பாலும் பழைய ஜியான் பிராசசரும், டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் பழைய ரெய்டு கார்டுமாகத்தான் இருக்கும். எல்லா டிஸ்ட்ரோவும் அவற்றை இன்னும் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்ட்ரோல் பேனல், அதாவது உலாவியிலிருந்தே சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள். சிபேனல்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் டிஸ்ட்ரோவைப் பாதி அதுவே முடிவு செய்துவிடும்.

பார்த்துக்கொள்ளப்போகும் ஆள். உங்களுக்கோ உங்கள் குழுவுக்கோ எது கைவந்த வேலை? ராத்திரி 2 மணிக்கு சைட் விழுந்தால், கட்டமைப்புக் கோப்பு எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. மற்ற நான்கிலும் வித்தியாசம் சின்னதாக இருந்தால் இந்த ஒன்றே போதும்.

## டெபியன்

1993இல் தொடங்கியது, பின்னால் கம்பெனி கிடையாது. யாராவது வாங்கிவிடுவார்கள், கொள்கையை ஒரே இரவில் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் இல்லை. இதன் மதிப்பு ரெட் ஹேட் பகுதிக்கு வரும்போது புரியும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் சர்வர்களில் டெபியன்தான் ஓட்டுகிறது.

ஏறக்குறைய 2 வருடத்துக்கு ஒரு பதிப்பு. 13 'ட்ரிக்ஸி' 2025 ஆகஸ்டில் வந்தது. முதல் 3 வருடம் முழு ஆதரவு, அதன்பின் 2 வருடம் எல்டிஎஸ், ஆக 2030 வரை ஓட்டலாம். எல்டிஎஸ் காலத்தில் அப்டேட் கொடுப்பது வேறு குழு, எல்லாப் பேக்கேஜையும் அவர்கள் கவனிப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 5 வருடம் குறைவாகத் தோன்றலாம், ஆனால் 12இலிருந்து 13க்கு இருந்த இடத்திலேயே போவது டெபியன் முறைப்படி ஆதரிக்கும் வழி, வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்தால் பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்க மட்டும் முடியாது, 11இல் இருப்பவர் 12 வழியாகத்தான் 13க்குப் போக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். டெபியன் எதையும் உங்களுக்காகப் பூட்டிவைக்காது. நிறுவி முடித்தால் ஃபயர்வால் விதி எதுவும் இருக்காது. ஒரு சர்வர் பேக்கேஜைப் போட்ட அடுத்த நொடி அது ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் கட்டமைக்கும் வரை காத்திருக்காது. 12இல் லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வருவதில்லை என்பதால், திரும்பத் திரும்பத் தவறாக லாகின் முயல்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேனைப் பழைய பழக்கத்தில் போட்டவர்கள் அது லாக் கோப்பைக் காணாமல் தொடங்கவே மறுப்பதைப் பார்த்து முழித்தார்கள் (பேக்கெண்டை சிஸ்டம்டி என்று மாற்றினால் சரியாகிவிடும்). 13இல் டெம்ப் டைரக்டரி ரேமுக்குள் போய்விட்டது. பெரிய வீடியோ கோப்புகளைப் பயனர்கள் பதிவேற்றும் தளம் என்றால் பிஎச்பி அவற்றை முதலில் அங்கேதான் வைக்கும், ரேம் குறைவான மெஷினில் இது எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே வரியில் பழையபடி மாற்றிவிடலாம்தான், அந்த வரி இருக்கிறது என்று தெரிந்தால்.

பிஎச்பி பல பதிப்புகள் வேண்டுமென்றால் சூரி ரெப்பாசிட்டரி (பேக்கேஜ் கிடங்கு) இருக்கிறது. அதை நடத்துபவர் டெபியனுக்கே பிஎச்பி பேக்கேஜ் செய்பவர் என்பதால் வெளி ரெப்பாசிட்டரி என்று தயங்க வேண்டியதில்லை.

எப்போது இதை எடுக்கலாம்: நீங்களே கட்டமைத்து நீங்களே பார்த்துக்கொள்ளும் சர்வர், சிபேனல் வேண்டாம், கட்டண ஆதரவும் வேண்டாம் என்றால். என் முதல் தேர்வு இதுதான், அதை மறைத்து நடுநிலை வேஷம் போட விரும்பவில்லை.

## உபுன்டு எல்டிஎஸ்

டெபியனின் பிள்ளை, ஆனால் கனோனிக்கல் என்ற கம்பெனியின் வீட்டில் வளர்வது. இரட்டைப்படை வருட ஏப்ரலில் ஒரு எல்டிஎஸ் வரும். அதுதான் சர்வருக்கு. இடையில் வரும் 9 மாத ஆயுள் பதிப்புகளை வெப் சர்வரில் தொடவே வேண்டாம்.

இதன் பெரிய பலம் எல்லோரும் இதை வைத்தே எழுதுவது. ஒரு மென்பொருளின் நிறுவல் குறிப்பைத் திறந்தால் முதலில் இருப்பது உபுன்டு கட்டளையாகத்தான் இருக்கும், ஒரு பிழைச்செய்தியைத் தேடினால் கிடைக்கும் பதிலும் இதற்கானதாகவே இருக்கும். புதிதாகச் சர்வர் பழகுபவருக்கு இது சாதாரண உதவியல்ல. பாதுகாப்பு அப்டேட்களும் இயல்பாகவே தானாக நிறுவப்படும்.

ஆதரவுக் கணக்கில்தான் ஒரு பொடி எழுத்து இருக்கிறது. '5 வருடம்' என்பது 'மெயின்' பகுதியில் உள்ள பேக்கேஜ்களுக்கு. என்ஜின்எக்ஸ், பிஎச்பி அதில் வந்துவிடும். ஆனால் ரெடிஸ், நோட்ஜேஎஸ், ஃபெயில்2பேன் எல்லாம் 'யுனிவர்ஸ்' பகுதி. அதற்கு உறுதியான பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் உபுன்டு ப்ரோ சந்தா வேண்டும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 5 மெஷின் வரை இலவசம், அதற்கு மேல் காசு. ப்ரோ போட்டால் ஆதரவு 10 வருடமாகிறது, ரீபூட் செய்யாமல் கெர்னல் ஓட்டைகளை அடைக்கும் லைவ்பேட்ச்சும் கிடைக்கிறது. டெடிகேட்டட் மெஷின் ரீபூட் ஆக, ரெய்டு கார்டு விழித்து மெமரி சோதனை முடிந்து வர, பல நிமிடம் பிடிக்கும். விபிஎஸ் மாதிரி கண்ணிமைக்கும் நேரத்தில் எழாது. அதனால் லைவ்பேட்ச் இங்கே உண்மையிலேயே பயன்படும்.

ஸ்னாப் என்ற உபுன்டுவின் தனிப் பேக்கேஜ் முறை பற்றி ஊரே புலம்புகிறது. சர்வரில் அது பெரிய தொல்லை இல்லை, ஆனால் ஸ்னாப்பாகப் போட்டவை தாமாகவே அப்டேட் ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள், வேண்டாதபோது நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. 24.04இல் எஸ்எஸ்எச் சாக்கெட் வழியாகத் தொடங்குகிறது. போர்ட் எண்ணை மாற்றிவிட்டு எஸ்எஸ்எச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதாது, சிஸ்டம்டியை ரீலோட் செய்து சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இது தெரியாமல் ஃபயர்வாலில் பழைய போர்ட்டை மூடிவிட்டால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அடுத்த எல்டிஎஸ்ஸுக்குப் போவதும் இருந்த இடத்திலேயே முடியும். புதிய எல்டிஎஸ்ஸின் முதல் திருத்தப் பதிப்பு வந்தபின்தான் உபுன்டுவே அப்கிரேடைக் காட்டும். அதற்கு முன் கட்டாயப்படுத்தி அவசரப்படாதீர்கள்.

## ரெட் ஹேட் குடும்பம்: ஆல்மா, ராக்கி

இங்கே கொஞ்சம் வரலாறு தேவை, இல்லாவிட்டால் ஏன் இரண்டு நகல்கள் இருக்கின்றன என்று புரியாது. பல வருடங்களாக வெப் ஹோஸ்டிங் உலகமே சென்டோஸில்தான் ஓடியது: ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் இலவச மறுபதிப்பு. 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. 2029 வரை என்று நம்பி நிறுவிய சென்டோஸ் 8, 2021 கடைசியோடு முடியும், இனிமேல் சென்டோஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் என்று. அந்த வெற்றிடத்தில் 2021இல் இரண்டு டிஸ்ட்ரோக்கள் பிறந்தன. க்ளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்தது ஆல்மாலினக்ஸ், சென்டோஸின் நிறுவனர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் தொடங்கியது ராக்கி. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரல்களைப் பொதுவில் தருவதைச் சுருக்கியது. அதன்பின் இருவரின் பாதையும் பிரிந்தது. ராக்கி இன்னும் அச்சு அசல் நகலாகவே இருக்கப் பார்க்கிறது, ஆல்மா "உங்கள் மென்பொருள் அதே மாதிரி ஓடும், ஆனால் பிழைகளை நாங்களே முன்கூட்டித் திருத்துவோம்" என்று மாறிக்கொண்டது. செர்ன், ஃபெர்மிலேப் ஆகிய ஆய்வகங்கள் 2022இல் ஆல்மாவைத் தேர்ந்தெடுத்தன.

ஆதரவுக் காலத்தில் இந்தக் குடும்பத்தை மிஞ்ச இலவசத்தில் ஆளில்லை. ஆல்மா 9க்கு 2032 வரை, 10க்கு 2035 வரை. ஆனால் இந்தப் பத்து வருடம் அடிப்படை சிஸ்டத்துக்கு. ஆப் ஸ்ட்ரீம் என்ற பெயரில் வரும் பல மென்பொருள் பதிப்புகளுக்கு ஆயுள் தனி, குறைவும் கூட. சிஸ்டம் 2032 வரை உயிரோடிருக்கும், அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த பிஎச்பி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடலாம். நடைமுறையில் பலரும் பிஎச்பி பதிப்புகள் தரும் ரெமி ரெப்பாசிட்டரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கூடுதல் பேக்கேஜ்கள் தரும் ஈபெல் ரெப்பாசிட்டரியும் சேர்க்காமல் காலம் தள்ள முடியாது, அடிப்படைப் பேக்கேஜ் தொகுப்பு அவ்வளவு சிறியது.

அடுத்தது எஸ்இலினக்ஸ், ஒவ்வொரு செயலியும் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு. இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஹோம் டைரக்டரியிலிருந்து கோப்புகளை வெப் டைரக்டரிக்கு நகர்த்துவீர்கள், அனுமதியெல்லாம் சரியாக இருக்கும், உலாவியில் 403 வரும். நகர்த்தும்போது பழைய முத்திரை கோப்போடு கூடவே வந்துவிடுகிறது, அதை மீட்டமைக்க வேண்டும். இன்னொன்று, என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் 3000 போர்ட்டில் நோட் செயலி ஓடும், உலாவியில் 502, லாகில் 'அனுமதி மறுப்பு'. வெப் சர்வர் வெளியே நெட்வொர்க் இணைப்பு எடுக்கலாம் என்று ஒரு சுவிட்சைப் போட வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் எஸ்இலினக்ஸை ஒரேயடியாக அணைத்துவிடுவதுதான் பலர் செய்வது. அணைத்துத்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இந்தக் குடும்பத்தின் முக்கியமான ஒரு பலத்தைத் தூக்கி எறிகிறீர்கள், டெபியனிலேயே இருந்திருக்கலாம். ஒழுங்காகப் பழகியவருக்கோ, ஒரு வேர்ட்பிரஸ் ப்ளகின் ஓட்டையால் உள்ளே நுழைந்தவனை மேலே ஏறவிடாமல் தடுக்க இது நல்ல சுவர்.

ஹார்ட்வேர் விஷயத்தில் கவனம். ரெட் ஹேட் 10க்கு எக்ஸ்86-64-வி3 என்ற தரத்தை எட்டும் பிராசசர் வேண்டும். எளிதாகச் சொன்னால் ஏவிஎக்ஸ்2 இருக்க வேண்டும், அதாவது இன்டெல்லில் 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறை அல்லது அதற்குப் பின். மலிவு விலையில் கிடைக்கும் ஜியான் ஈ5 வி2 மெஷினில் ராக்கி 10 ஏறாது. ஆல்மா மட்டும் பழைய பிராசசருக்கென்று வி2 பதிப்பைத் தனியாகத் தருகிறது, ஆனால் வெளி ரெப்பாசிட்டரிகள் எல்லாம் அதற்கு ஒத்துவரும் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய ரெய்டு கார்டுகள் பலவற்றின் ஆதரவையும் ரெட் ஹேட் நீக்கிவிட்டது, அவற்றில் சிலவற்றை ஆல்மா 9.4 முதல் திரும்பச் சேர்த்திருக்கிறது. ஆல்மாவா ராக்கியா என்று தடுமாறுபவருக்கு இதுவே போதுமான பதில். பழைய மெஷின் என்றால் ஆல்மா.

பெரிய அப்கிரேட்: ஆல்மாவுக்கு எலிவேட் என்ற கருவி உண்டு. ராக்கி அதை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை, புதிதாக நிறுவச் சொல்கிறது. இந்தக் குடும்பத்தில் எக்ஸ்எஃப்எஸ்தான் இயல்பான கோப்பு முறைமை, அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. பார்ட்டிஷன் போடும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

எப்போது இதை எடுக்கலாம்: சிபேனல் போட்டு வாடிக்கையாளர்களுக்கு ஹோஸ்டிங் விற்கிறீர்கள், அல்லது ரெட் ஹேட்டுக்கு மட்டும் சான்றளிக்கப்பட்ட வணிக மென்பொருள் ஒன்றை ஓட்ட வேண்டும், அல்லது நிறுவி வைத்துவிட்டு வருடக்கணக்கில் பதிப்பு மாற்றவே விருப்பமில்லை. அசல் ரெட் ஹேட்டே வேண்டுமென்றாலும் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 சிஸ்டம் வரை இலவசமாக எடுக்கலாம்.

## மற்றவை, சுருக்கமாக

ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆயுள் சுமார் 13 மாதம், வெப் சர்வருக்கு அது போதாது. ஆர்ச் மேசைக் கணினிக்கு நன்றாக இருக்கும், தினம் மாறும் ஒன்றைத் தொலைவிலிருக்கும் மெஷினில் வைக்க எனக்குத் தைரியமில்லை. சென்டோஸ் ஸ்ட்ரீம் பலர் பயமுறுத்துகிற அளவுக்கு மோசமில்லை, ஆனால் 5 வருடக் கணக்குக்கு டெபியனே இருக்கும்போது தேவை என்ன? ஆல்பைன் கண்டெய்னருக்குள் (ஒரு செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) அருமையானது. மெஷினின் அடித்தளமாகப் போட்டால் க்ளிப்சி என்ற அடிப்படை சி நூலகத்துக்குப் பதில் மஸ்ல் என்பதால், தொகுத்தே வரும் சில வணிக மென்பொருள்கள் ஓடாது.

## ஒரே பார்வையில்

| | டெபியன் 13 | உபுன்டு 24.04 | ஆல்மா / ராக்கி 10 |
|---|---|---|---|
| இலவச ஆதரவு | 2030 வரை | 2029 வரை, ப்ரோவுடன் 2034 | 2035 வரை |
| அடுத்த பதிப்புக்கு | இருந்த இடத்திலேயே | இருந்த இடத்திலேயே | ஆல்மாவில் எலிவேட், ராக்கியில் மறுநிறுவல் |
| நிறுவியவுடன் ஃபயர்வால் | இல்லை | இருக்கிறது, அணைந்த நிலையில் | இயங்கும் |
| கட்டுப்பாட்டு அடுக்கு | ஆப்ஆர்மர் | ஆப்ஆர்மர் | எஸ்இலினக்ஸ் |
| சிபேனல் | கிடையாது | உண்டு | ஆல்மாவில் உண்டு |
| ஏவிஎக்ஸ்2 இல்லாத பிராசசர் | ஓடும் | ஓடும் | ஆல்மா வி2 மட்டும் |
| இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை | தொகுத்துக்கொள்ள வேண்டும் | கெர்னலோடு தயாராக வரும் | வெளி ரெப்பாசிட்டரி |

## அப்புறம் எதைத்தான் எடுப்பது?

சிபேனல் கட்டாயம் என்றால் ஆல்மா, பேச்சே இல்லை. உபுன்டுவிலும் அது ஓடும்தான், ஆனால் அந்தப் பேனலின் உலகம் வளர்ந்தது ரெட் ஹேட் பக்கம்.

டிஸ்க்குகளை இசட்எஃப்எஸ்ஸில் வைக்க ஆசை என்றாலோ, குழுவில் எல்லோரும் புதியவர்கள் என்றாலோ உபுன்டு. மெஷினை இணைத்தவுடன் மறக்காமல் ப்ரோவில் பதிவு செய்துவிடுங்கள், பிறகு என்று தள்ளிப்போட்டால் அது நடக்காது.

எல்லாவற்றையும் கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில்தான் ஓட்டப்போகிறோம் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. பிஎச்பி பதிப்பு, நோட் பதிப்பு எல்லாம் கண்டெய்னருக்குள் போய்விடும், கீழே இருப்பது கெர்னலும் எஸ்எஸ்எச்சும் மட்டும். டெபியனைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: டாக்கர் திறக்கும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போய்விடும். மூடியிருக்கிறது என்று நீங்கள் நம்பும் டேட்டாபேஸ் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருக்கலாம், வேறொரு மெஷினிலிருந்து ஸ்கேன் செய்து பாருங்கள்.

இன்னும் சென்டோஸ் 7 ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். 2024 ஜூன் 30ஓடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது. எலிவேட் வழியாக 7இலிருந்து 8, அங்கிருந்து 9 என்று படிப்படியாக ஏறலாம், ஆனால் பத்து வருடக் குப்பை சேர்ந்த, ஸ்னாப்ஷாட் இல்லாத மெஷினில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். ஒரு மாதத்துக்கு இரண்டு வாடகை ஆனாலும் பரவாயில்லை, புதிய மெஷின் ஒன்றை எடுத்து, அதில் சுத்தமாக நிறுவி, கோப்புகளையும் டேட்டாபேஸையும் நகலெடுத்துச் சோதித்துவிட்டு, டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (பழைய முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்ற அளவு) முன்கூட்டியே குறைத்து வைத்து மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பழைய மெஷினை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலை ஒன்றோ, யாரோ எப்போதோ போட்டுவைத்த மெயில் ஃபார்வர்டு ஒன்றோ அங்கேயே தங்கியிருக்கும்.